சொல்லக் கூசும் வலி

சிதம்பரத்துக்குப் போகிறவர்கள் நடராஜரைத் தரிசித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுகிறார்கள். பெரிய கோயிலுக்கு மேற்கே இளமையாக்கினார் கோயில் என்று ஒன்று இருப்பது வெளியூர்க்காரர்களில் பலருக்குத் தெரியாது. அதற்கு ஒரு குளம் உண்டு. திருநீலகண்ட நாயனாரும் அவர் மனைவியும் கிழவன் கிழவியாக முழுகி, குமரனும் குமரியுமாக எழுந்த குளம் அது என்பார்கள்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். தில்லையில் ஒரு குயவர். சிவனடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுப்பவர். ஒரு நாள் பரத்தை வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். மனைவி ஊடினாள். சமாதானம் செய்ய நெருங்கியபோது, திருநீலகண்டத்தின் மேல் ஆணை, எம்மைத் தீண்டாதீர் என்றாள். "எம்மை" என்று பன்மையில் சொன்னதால் இனி எந்தப் பெண்ணையுமே தொடுவதில்லை என்று அவர் விரதம் பூண்டார். இருவரும் ஒரே வீட்டில் தொடாமலே வாழ்ந்து முதுமையடைந்தார்கள். கடைசியில் சிவனே யோகி வேஷத்தில் வந்து, ஓட்டை ஒளித்து வைத்து, வழக்குக்கு இழுத்து, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு குளத்தில் முழுகிச் சத்தியம் செய் என்று சபையில் நிறுத்திய பிறகுதான் கிழவர் வாயைத் திறந்தார். மூங்கில் கழி ஒன்றின் இரு முனைகளை இருவரும் பிடித்துக்கொண்டு முழுகினார்கள்.

அடியாரின் பக்தியைப் பற்றிப் பேசப் பெரியவர்கள் இருக்கிறார்கள். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இதில் வேறொரு சங்கதிதான் உறுத்துகிறது. அத்தனை வருஷமும் தில்லையில் ஒரு பிராணிக்கும் அந்த வீட்டு விஷயம் தெரியவில்லை! குயவர் தெருவில் பக்கத்து வீட்டு அடுப்புப் புகையே நம் வீட்டுக்கு வரும். அங்கே இரண்டு பேர் ஆயுசு முழுக்க ஒரு ரகசியத்தைக் கட்டிக் காத்திருக்கிறார்கள். நம் ஊர்ப்பக்கத்தில் கட்டில் சமாசாரம் வெளியே வரவேண்டுமென்றால் பரமசிவனே வாதியாக வந்து நின்றால்தான் உண்டு போலிருக்கிறது.

இந்தக் குளம் என் நினைவுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு நண்பர். கடலூர் முதுநகரில் வலைக்கடை வைத்திருக்கிறார். நைலான் வலை, மிதவை, ஈயக்குண்டு, கயிறு இவைதான் வியாபாரம். என்னைவிட நாலு வயசு இளையவர். ஒரு கல்யாணத்துக்காகக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். ஆலப்பாக்கம் தாண்டும் வரையில் வியாபார மந்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தவர், திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது."

"கேளுங்க தம்பி."

"வீட்டுல... அந்த நேரத்துல... கடைசியில திடீர்னு பிடரியில யாரோ உலக்கையால அடிச்ச மாதிரி வலிக்குதுண்ணே. கண்ணு இருட்டுது. அஞ்சு மாசத்துல நாலு தடவை. வேற எப்பவும் இல்லை."

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டவரிடம் சிரித்த பாவம் எனக்கு. அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஊர் ஊராகச் சுற்றி லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் போயிருக்கிறார். அவர் நாடியைப் பிடித்துப் பார்த்து, வாலிபத்தில் செய்த தவறு, தாது நஷ்டம், மூளை வற்றிக்கொண்டு வருகிறது என்று சொல்லி, ஒரு மண்டலத்துக்கு லேகியம் கொடுத்திருக்கிறார். லேகியம் தீர்ந்தது, பணமும் தீர்ந்தது, பயம் மட்டும் பெருகியது. கணக்கு எழுத வேண்டும் என்று சொல்லிக் கடையிலேயே படுக்க ஆரம்பித்தார். மனைவி என்ன நினைப்பாள்? கடைக்கு வேறு யாரோ வருகிறார்கள் என்றுதான் நினைத்தாள். பேச்சு நின்றது. குயவர் வீட்டுக் கதை மறுபடி நடந்தது. ஆணை இட்டவர் மட்டும் யாருமில்லை.

வலியிலும் ஜாதி உண்டு, பாருங்கள். இதே கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் என்கிற பகுதியில், பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் தருமசேனராக இருந்த மருள்நீக்கியாருக்குச் சூலை நோய் வந்தது. வயிற்று வலி. சமையற்காரன் மூலம் தமக்கைக்குச் சொல்லியனுப்பினார், இரவோடு இரவாகத் திருவதிகைக்கு நடந்தார், பாடினார், வலி தீர்ந்து அப்பரானார். வயிற்று வலியை அக்காவிடம் சொல்லலாம், ஆண்டவனிடம் பாடலாம். என் நண்பரின் வலியை யாரிடம் பாடுவது?

அந்த வலிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கிரேக்க வைத்தியர் ஹிப்போக்ரட்டீஸ் காலத்திலேயே தலைவலிக்கான காரணங்களில் அளவு மீறிய போகத்தையும் சேர்த்திருந்ததாக இந்தத் துறையில் எழுதியவர்கள் காட்டுகிறார்கள். அப்புறம் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பெரும்பாலும் மௌனம். வைத்தியர்களும் மனிதர்கள்தானே, அவர்களுக்கும் கூச்சம் உண்டு. 1974-இல் அயர்லாந்திலிருந்து மார்ட்டின் என்ற டாக்டர் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதே வருஷம் அமெரிக்காவில் பால்சன், கிளாவன்ஸ் என்ற இருவர் பதினான்கு பேரைப் பற்றி எழுதினார்கள். இந்த ஹரால்டு கிளாவன்ஸ் நரம்பு வைத்தியர், நாவல்களும் எழுதியவர். நம்ம தொழில்காரர் ஒருவர் இதில் கை வைத்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு அற்பப் பெருமை. 1976-இல் சிட்னியில் ஜேம்ஸ் லான்ஸ் இருபத்தொரு பேரை விசாரித்து, வலியை வகை பிரித்தார். உணர்ச்சி ஏற ஏறத் தலையும் கழுத்தும் மெல்ல இறுகி வலிப்பது ஒன்று; உச்சத்தில் இடி விழுந்தாற்போல வெடிப்பது இன்னொன்று. 1988-இல் சர்வதேசத் தலைவலிச் சங்கம் தன் முதல் வகைப்பாட்டில் இதற்கும் ஓர் இடம் கொடுத்தது. 2018-இல் வந்த மூன்றாம் பதிப்பு இரு வகையையும் ஒன்றாக்கி, ஒரே நோயின் இரண்டு முகம் என்று எழுதிவைத்திருக்கிறது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு ஆயுளில் என்றாவது இது வரக்கூடும். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். பெரும்பாலும் தலை முழுக்க, அல்லது பின்மண்டையில் வலிக்கும். கடும் வலி ஒரு நிமிஷத்திலும் அடங்கலாம், ஒரு நாளும் நீடிக்கலாம். லேசான வலி மூன்று நாள் வரை கூட இருக்கும். சில வாரங்கள் அடுத்தடுத்து வந்து தானாகப் போய்விடுவது பலருக்கு. சிலருக்கு வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். ஏன் வருகிறது என்று முழுசாகத் தீர்ந்தபாடில்லை. அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் சட்டென ஏறுகிறது, அதை மூளையின் ரத்தக் குழாய்கள் சமாளிக்கும் திறமையில் ஏதோ பிசகு என்பது ஒரு விளக்கம். தாதுவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மூளை வற்றுவதும் இல்லை.

அப்படியானால் பயமே வேண்டாமா? இங்கேதான் கதை திரும்புகிறது.

எங்கள் தென்னார்க்காட்டுப் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. சிறு பையனாக விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவன் நான். பாண்டு மகாராஜா கதை வந்தால் பெண்கள் பக்கம் ஒரு மாதிரி அமைதி விழும். மான் உருவில் கூடியிருந்த முனிவரை அம்பெய்து கொன்ற பாவம், மனைவியைத் தொட்டால் மரணம் என்று சாபம், வசந்த காலத்தில் மாத்ரியைத் தொட்டான், விழுந்தான். குந்தி ஓடிவந்து முதலில் செய்த காரியம் மாத்ரியைக் கடிந்துகொண்டது. மாத்ரி சிதை ஏறினாள். பாண்டுவுக்கு என்ன வியாதி என்று ஆராய்வது அசட்டுத்தனம். ஆனால் அப்படிச் செத்தால் பழி எவள் தலையில் விழும் என்பதைப் பாரதம் எழுதியவர் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்.

உலகத்திலும் இதே கதைதான். ஹூணர் தலைவன் அட்டிலா 453-இல் புது மனைவியோடு கழித்த முதல் இரவில் மூக்கில் ரத்தம் பெருகிச் செத்தான். பிற்காலத்தில் எழுதிய ஒருவர், அந்தப் பெண்தான் குத்திக் கொன்றாள் என்று எழுதிவிட்டார். 1899 பிப்ரவரி 16-ஆம் தேதி பிரான்சின் ஜனாதிபதி ஃபெலிக்ஸ் ஃபோர், தம் மாளிகையில், மார்கரித் ஸ்தேனெய்ல் என்ற பெண்ணோடு இருந்தபோது மூளையில் ரத்தக்கசிவால் மடிந்தார். பாரிஸ் முழுக்கச் சிரித்தது. சிரித்து முடிந்ததும் அவள்தான் விஷம் வைத்தாள் என்று பேச ஆரம்பித்தார்கள். பத்து வருஷம் கழித்து, கணவனையும் தாயையும் கொன்றதாக வேறொரு வழக்கில் அவளை நிறுத்தியபோது பத்திரிகைகள் இந்தப் பழைய கதையையும் தோண்டின. 1909-இல் கோர்ட் அவளை விடுதலை செய்தது.

பஸ்ஸில் என் சிரிப்பு நின்றதற்குக் காரணம் ஜனாதிபதி அல்ல. நான் பள்ளிக்கூடத்தில் படித்த நாளில் எங்கள் தெருவில் ஒருவர் அப்படி இறந்தார். ஆலையில் வேலை; முப்பத்தைந்து வயசுக்குள் இருக்கும். நடு இரவில் தலையைப் பிடித்துக்கொண்டு அலறினார், வாந்தி எடுத்தார், விடிவதற்குள் முடிந்துவிட்டது. அந்த வீட்டம்மாவை நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுவோம். சாவுக்கு வந்த பெண்கள் வாய்க்குள் முணுமுணுத்தது சிறுவனாகிய எனக்குப் புரியவில்லை. வருஷங்கள் போனபின் புரிந்தது. புருஷனைத் தின்றவள் என்பது சாதாரண வசவு. அவளுக்கு அதைவிட அசிங்கமான ஒன்றைச் சூட்டியிருந்தார்கள். இரண்டு குழந்தைகளோடு அந்தப் பேரையும் சுமந்துகொண்டு அதே தெருவில் வாழ்ந்தாள்.

மூளையின் அடிப்பாகத்தில் ஓடும் ரத்தக் குழாயில், சைக்கிள் டியூபில் புடைப்பதுபோலச் சிலருக்கு ஒரு புடைப்பு இருக்கும். அது இருப்பதே தெரியாது. ரத்த அழுத்தம் ஏறுகிற ஏதாவது ஒரு வேளையில் வெடிக்கலாம். கனமான மூட்டையைத் தூக்கும்போது வெடிக்கும், கழிவறையில் முக்கும்போது வெடிக்கும், கோபத்தில் வெடிக்கும், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்போதும் வெடிக்கும். இப்படி வெடித்த கேஸ்களில் நூற்றுக்கு 4 முதல் 12 வரை தாம்பத்திய வேளையில் நேர்ந்தவை என்று சில கணக்குகள் சொல்கின்றன. மூட்டை தூக்கிச் செத்தவனுடைய மூட்டையை யாரும் திட்டுவதில்லை.

ஆகையால் விஷயம் இதுதான். உச்ச வேளையில் முதன்முதலாக இடி இடித்தாற்போலத் தலை வெடித்தால், அது தீங்கில்லாத தலைவலியா, ரத்தக்கசிவா என்று நோயாளியால் சொல்ல முடியாது. கைநாடி பிடிப்பவராலும் முடியாது. இரண்டுக்கும் ஆரம்பம் ஒன்றுபோல இருக்கும். மயக்கம், வாந்தி, கழுத்து விறைப்பு, கை கால் இழுப்பு, ஒன்று இரண்டாகத் தெரிவது ஆகியவை சேர்ந்தால் சந்தேகம் வலுக்கிறது. சேராவிட்டாலும் பார்த்தே ஆகவேண்டும், அன்றைக்கே. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. மூளையின் ரத்தக் குழாய்கள் அங்கங்கே சுருங்கி, இடித் தலைவலியைச் சில நாட்களுக்குத் திரும்பத் திரும்பத் தந்து, மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் தாமே விரிந்துகொள்ளும் நோய். 2007-இல்தான் அதற்கு ஒரு பொதுப் பெயர் வைத்தார்கள்.

பார்க்கிற கருவிகளும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க 1891-இல் ஜெர்மனியில் குவிங்கெ வழி காட்டினார். ரத்தக் குழாய்களைப் படம் பிடிக்க 1927-இல் போர்ச்சுகல்லில் மோனிஸ். மண்டையைத் திறக்காமல் குறுக்குவெட்டாகப் படம் எடுக்கும் சி.டி. ஸ்கான் 1971-இல் லண்டனில். இந்தியாவில் மூளை அறுவை மருத்துவத்துக்குத் தனித் துறை 1949-இல் வேலூரில் ஜேக்கப் சாண்டி தொடங்கியது. மறு வருஷம் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். ராமமூர்த்தி 1922-இல் பிறந்தது சீர்காழியில். சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் சீர்காழி. மண்டையைத் திறக்கும் வித்தை நம் பக்கத்துக்குப் புதிதல்ல என்று சித்த வைத்திய அன்பர்கள் சொல்வார்கள்: ராஜாவுக்குத் தீராத தலைவலி, அகத்தியர் கபாலத்தைத் திறந்தார், மூளைமேல் ஒரு தேரை, சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் காட்ட அது துள்ளிக் குதித்தது, அன்று முதல் சீடன் தேரையர் ஆனார். நடந்ததோ இல்லையோ, எனக்கு மிகவும் பிடித்த கதை. தலைவலி என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கதையைக் கட்டியவனுக்கு இருந்திருக்கிறது. மூளை வற்றுகிறது என்று லாட்ஜில் உட்கார்ந்து சொல்லவில்லை.

லாட்ஜ் வைத்தியத்தைப் பற்றிச் சட்டம் சும்மா இருக்கவில்லை. 1954-இல் மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் விளம்பரத் தடைச் சட்டம் வந்தது. ஆண்மையைப் பெருக்கும், போக சக்தியைக் கூட்டும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வது குற்றம். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது; விளம்பரம் சுவரில் இருக்கிறது. 1960-இல் மனநல டாக்டர் விக், தாது போவதால் உடம்பும் மூளையும் கெடுகிறது என்று நம்பிப் பயந்து வரும் வாலிபர்களின் அவஸ்தைக்கே ஒரு நோய்ப் பெயர் வைத்தார். அந்தப் பயம்தான் உண்மையான நோய். மற்றதெல்லாம் அதன்மேல் நடக்கும் வியாபாரம். நம் பெரியவர்கள் மிதத்தைச் சொல்லியிருக்கிறார்கள், எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று விலகியிரு என்பதுபோல. மிதம் வேறு, மிரட்டல் வேறு.

நிற்க. கல்யாணத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெரியம்மா வீட்டு அலறல் காதிலேயே இருந்தது. மறுநாளே நண்பரை இழுத்துக்கொண்டு போனேன். நரம்பு டாக்டர் இளம் வயசுக்காரர். அவர் சிரிக்கவில்லை. எந்த வேளையில், எத்தனை நிமிஷம், வாந்தி உண்டா, தூக்க மாத்திரையோ வீரிய மாத்திரையோ சாப்பிட்டது உண்டா என்று, வயிற்று வலியை விசாரிப்பதுபோல விசாரித்தார். "முதல் தடவையே வந்திருக்கணும் சார்" என்று மட்டும் சொன்னார். ஸ்கான் எடுத்தார்கள், ரத்தக் குழாய்களையும் படம் பார்த்தார்கள். புடைப்பு இல்லை, கசிவு இல்லை, சுருக்கமும் இல்லை. லேகியத்தை நிறுத்தச் சொன்னார். சில வாரங்களுக்கு ஓய்வு. பிறகு வலி தலைகாட்டினால் அப்போதே நிறுத்திவிட வேண்டும். முன்கூட்டிச் சாப்பிட ஒரு மாத்திரை, அதற்குப் பெயர் இண்டோமெத்தசின். அது போதாவிட்டால் தினமும் சாப்பிட வேறொன்று இருக்கிறது என்றார். வயிற்றுப் புண் உண்டா, ஆஸ்துமா உண்டா என்று கேட்டுக்கொண்டுதான் எழுதினார். ஆகையால் பெயரைப் படித்துவிட்டு யாரும் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள்.

இரண்டாம் தடவை மனைவியையும் அழைத்துவரச் சொன்னார் டாக்டர். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். வெளியே வந்து ஆட்டோவில் ஏறிய பிறகு, "இதைச் சொல்றதுக்கு அஞ்சு மாசமா?" என்று கேட்டாள். அப்புறம் வீடு வரும் வரை அழுதாள் என்று நண்பர் சொன்னார். மூன்று மாதத்துக்குள் வலி நின்றது. இப்போது கடையை இரவு எட்டரைக்கே சாத்திவிடுகிறார்.

எனக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. பெரியம்மாவுக்கு இப்போது எழுபதை நெருங்கும் வயசு. அதே தெரு, அதே வீடு. முன்னால் போட்ட கீற்றுக் கொட்டகைக்குப் பதில் தகரம். தயங்கித் தயங்கித்தான் பேச்சை எடுத்தேன். மூளையில் இப்படி ஒரு புடைப்பு இருக்கும், அது பிறர் செய்வதால் வருவதில்லை, எந்த நேரத்திலும் வெடிக்கும் என்று சொன்னேன். அவருக்கு அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. அந்த நாளில் படமும் எடுக்கவில்லை, அறுத்தும் பார்க்கவில்லை. அதையும் சொன்னேன். அவள் முறத்திலிருந்த உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். கூச்சப்படவில்லை, கூச்சம் எனக்குத்தான்.

"ரெண்டு நாள் முந்தியே பிடரி வலிக்குதுன்னாரு தம்பி" என்றாள் ஒரு நேரம் கழித்து. "திடீர்னு வலிச்சுதுன்னாரு. நான் தைலம் தேய்ச்சுவிட்டேன். வேலைக்குப் போயிட்டாரு."

வெடிப்பதற்குச் சில நாள் முன்பு சிறு கசிவால் அப்படி ஓர் எச்சரிக்கை வலி சிலருக்கு வருவதுண்டு என்று நான் படித்திருந்தேன். சொல்லவில்லை.

"தைலம் தேய்ச்சது தப்பா?" என்று கேட்டாள்.

"இல்லை பெரியம்மா."

முறத்தைக் கீழே வைத்தாள். உள்ளே போய், மருமகளிடம் காப்பி போடச் சொல்லிவிட்டு வந்து, எனக்கு எதிரே மறுபடி உட்கார்ந்துகொண்டாள். "அந்தப் புடைப்பு எவ்வளவு பெரிசு இருக்கும்?" என்று கேட்டாள். முறத்திலிருந்து ஓர் உளுந்தை எடுத்துக் காட்டினேன். வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.